காபு கலங்கரை விளக்கத்தில் நான் ஏறியதும், அவர் என்னை இறக்கியதும்

பொங்கல் முடிந்த இரண்டாவது வாரம், வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்கு லிங்கராஜபுரத்திலிருந்து கிளம்பினோம். ஞாயிறு சாயங்காலம் திரும்பிவிட்டோம். மூன்று நாள், 872 கிலோமீட்டர். பார்த்தவை மூன்று: ஹாசன் பக்கத்தில் தண்ணீருக்குள் நிற்கும் செட்டிஹள்ளி சர்ச், சக்லேஷ்புரத்தைத் தாண்டி மஞ்சராபாத் கோட்டை, உடுப்பிக்கு முன்னால் காபு கலங்கரை விளக்கம். நாலாவதாக உடுப்பிக்கு அப்பால் பழைய கோயில்கள் இருக்கும் பார்க்கூர் என்று எழுதி வைத்திருந்தோம். அது நடக்கவில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

போன வருடம் கடற்கரைப் பக்கம் வேறொரு கலங்கரை விளக்கத்துக்குக் காலை பத்து மணிக்குப் போய், பூட்டின கேட்டைப் பார்த்துவிட்டு வந்தோம். சாயங்காலத்தில்தான் ஆட்களை மேலே விடுவார்கள் என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அத்தனை தூரம் போய் ஏறாமல் வந்தது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. இந்தப் பயணத்துக்குக் காரணம் அதுதான்.

இந்த இணையப் பக்கத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இரண்டு வார்த்தை. நாங்கள் கோலார் தங்கவயல்காரர்கள். என் வீட்டுக்காரர் அங்கே சுரங்கத்தில் முப்பத்தொரு வருடம் பூமிக்கு அடியில் வேலை செய்தார். சுரங்கத்தை மூடிய பிறகு பெங்களூருக்கு வந்தோம். நான் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. என் பேத்தி ஷரோன் சிவில் இன்ஜினீயரிங் மூன்றாம் வருடம் படிக்கிறாள், வகுப்பில் முதல் ஐந்து பேரில் ஒருத்தி. இந்தப் பக்கத்தை ஆரம்பித்துக் கொடுத்தவள் அவள்தான். எழுத்துப் பிழையைத் திருத்துவாள், வாக்கியத்தில் கை வைக்க விடமாட்டேன். அவள் புத்தகத்தில் படிக்கிற கட்டடங்களை நான் கையால் தொட்டுவிட்டு வந்து, சுவர் எத்தனை சாண் கனம் என்று அவளுக்குச் சொல்கிறேன். காபுவுக்கு முன்னால் இப்படிப் பதினொரு இடம் ஏறியிருந்தேன். அவளுடைய ஆசிரியர் ஒருவரும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறாராம். படிக்கட்டும்.

ஷரோனின் அம்மா, என் மகள் ஸ்டெல்லா, ஆஸ்பத்திரியில் நர்ஸ். இந்தப் பயணங்களுக்கு அவள் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறாள். அப்பா எங்கேயும் ஏறக் கூடாது. கல் தூசி அவருடைய நுரையீரலில் தங்கிவிட்டது. சமதரையில் மெதுவாக எவ்வளவு தூரமும் நடப்பார். படி என்றால் பத்துப் பன்னிரண்டிலேயே மூச்சு விசிலடிக்கும். "டாடி ஒரு தடவ ஏறினார்னு தெரிஞ்சுது, அதோட உங்க டூர் க்ளோஸ் மம்மி" என்று சொல்லித்தான் ஒவ்வொரு முறையும் அனுப்புவாள். தினமும் சாயங்காலம் போன் போட்டுக் கேட்பாள். நானும் வாக்குக் கொடுத்திருக்கிறேன். பதினொரு இடத்திலும் அவர் கீழே உட்கார்ந்தார், நான் ஏறினேன்.

வண்டி எப்போதும் வருகிற நாகராஜுடையது. கம்மனஹள்ளிக்காரர், கன்னடக்காரர், தமிழ் நம்மைப் போலவே பேசுவார். கிலோமீட்டருக்குப் பதின்மூன்று ரூபாய், ஓட்டுநர் பேட்டா நாளுக்கு ஐந்நூறு, டோல் தனி.

குணிகல் தாண்டி ஏழேகாலுக்குத் தட்டெ இட்லி, தட்டு அகலத்துக்கு இருக்கும், சாப்பிட்டோம். ஒன்று முப்பது ரூபாய், இரண்டு சாப்பிட்டால் மதியம் வரை தாங்கும். ஹாசனை ஒன்பதே கால் மணிக்குத் தொட்டோம். அங்கிருந்து செட்டிஹள்ளி இருபது கிலோமீட்டர். கடைசி இரண்டு கிலோமீட்டர் ரோடு மோசம்.

ஹேமாவதி ஆற்றில் அணை கட்டியபோது ஊரைக் காலி செய்துவிட்டார்கள், சர்ச்சு மட்டும் நின்றுவிட்டது. மழைக்காலத்தில் பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஏறும். நாங்கள் போனபோது தண்ணீர் நன்றாக இறங்கி, பீடம் இருந்த இடம் வரை காலில் சேறு ஒட்டாமல் நடக்க முடிந்தது. கூரை கிடையாது. வளைவுகள் நிற்கின்றன. அந்த வளைவுகளுக்குள் வானம் தெரிகிறது. நான் பீடத்தின் இடத்தில் நின்று ஒரு பரலோக மந்திரம் சொன்னேன். கோழிக்குஞ்சுகள் மாதிரி சிட்டுகள் சுவர் ஓட்டைகளிலிருந்து எட்டிப் பார்த்தன.

என் வீட்டுக்காரர் பாழடைந்த கட்டடத்துக்குள் நேராக நுழைய மாட்டார். வாசலில் நின்று முதலில் தலைக்கு மேலே பார்ப்பார். பிறகு கைத்தடியால் சுவரைத் தட்டித் தட்டிக் காது கொடுப்பார். சுரங்கத்தில் வேலையை ஆரம்பிக்கும் முன் மேல் பாறையைக் கம்பியால் தட்டிப் பார்ப்பது வழக்கமாம். ணங் என்றால் பாறை கெட்டி. டொப் என்றால் உள்ளே பிடி விட்டுவிட்டது, எந்த நிமிடமும் விழும். செட்டிஹள்ளியில் ஒரு வளைவு டொப் என்றது. அதற்கடியில் கல்யாண ஜோடி ஒன்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது.

"யம்மா, நாலு அடி இந்தாண்ட வந்து நில்லு. கல்லு விட்டுகினு கீது" என்றார்.

"ஒரே ஒரு ஷாட் அங்கிள்" என்றார் போட்டோகிராபர்.

"ஷாட்டு எட்த்துக்கோ. அந்தக் கல்லுக்கு அது தெரியாதே."

பெண் சிரித்துக்கொண்டே கவுனைத் தூக்கிப் பிடித்து நகர்ந்துவிட்டாள். வளைவு விழவில்லை. ஆனாலும் உங்களுக்குச் சொல்கிறேன், அங்கே சில பகுதிகள் ஏற்கெனவே இடிந்திருக்கின்றன. உள்ளே விடுகிறார்களா என்று ஊரில் கேட்டுக்கொண்டு போங்கள். சுவர் ஓரமாகப் படுத்துப் படம் எடுக்காதீர்கள்.

ராத்திரி சக்லேஷ்புரத்தில் தங்கினோம். அறை ஆயிரத்து இருநூறு, வெந்நீர் காலை ஆறு முதல் எட்டு வரைதான்.

மறுநாள் எட்டரைக்கு மஞ்சராபாத் கோட்டை. ஊரிலிருந்து ஆறு கிலோமீட்டர், நெடுஞ்சாலை ஓரத்திலேயே வழி. சுமார் இருநூற்றைம்பது படி. திப்பு சுல்தான் காலத்தது. எட்டு முனை வைத்த நட்சத்திரம் மாதிரி கட்டியிருக்கிறார்கள். கீழே நின்று பார்த்தால் அந்த வடிவம் தெரியாது, மதில் மேல் நடந்து எட்டு முறை திரும்பினால்தான் காலுக்குப் புரியும். நிலவறைக்குள் ஏசி போட்ட மாதிரி குளிர்ச்சி. பணம் வாங்கவில்லை. நான் ஏறி, சுற்றி, இறங்க ஒரு மணி பத்து நிமிடம் ஆனது.

வீட்டுக்காரர் கீழே டீக்கடையில் இருந்தார். நான் இறங்கி வருவதற்குள் அந்தக் கடைக்காரருக்கு எத்தனை மிளகுக்கொடி, எந்த மகன் எங்கே இருக்கிறான் எல்லாம் தெரிந்து வைத்திருந்தார். ஆனால் முகம் சரியில்லை. வண்டியில் ஏறினதும் ஆரம்பித்தார். ஒன்று சொல்லிவிடுகிறேன். எழுதும்போது அவர் இவர் என்று மரியாதையாக வருகிறது, வாயால் பேசும்போது எனக்கு அவர் நீதான், கல்யாணமான நாளிலிருந்து.

"சாயங்காலம் நானும் ஏற்றேன்" என்றார்.

"எங்க?"

"லைட் அவுஸ்ல."

"ஸ்டெல்லாகிட்ட யாரு பதில் சொல்றது?"

"முப்பத்தோரு வருஷம் நான் பாக்காத படியாமே?"

"அது எறங்குற படிய்யா."

"எறங்கினவன் ஏறாமயா தெனம் வூட்டுக்கு வந்து உன் கையால சோறு துன்னேன்?"

"லிப்டு கேஜுல நின்னுகினு வந்த. மோட்டாரு ஏத்திச்சு உன்ன. இங்க கேஜு இல்ல."

நாகராஜ் கண்ணாடியில் பார்த்து, "அப்பாஜி, நீங்க என்னோட கீழ இருங்க. சுண்டல் வாங்கித் தர்றேன்" என்றார்.

"சுண்டலு வாங்கிக் குடுத்து உக்கார வெக்க நான் இன்னா கைக்கொழந்தையா?" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிராடி மலைப்பாதை முழுவதும் அப்படியேதான் வந்தார். அங்கே ரோடு வேலை நடக்கிறது, லாரிகள் அதிகம். பத்தேகாலுக்குக் கிளம்பி மங்களூர் போய்ச் சேர ஒன்றரை ஆகிவிட்டது. மீன் சாப்பாடு சாப்பிட்டதும் கோபம் கொஞ்சம் இறங்கியது. ஆளுக்கு நூற்றெண்பது, வறுத்த பங்குடா, நம் கானாங்கெளுத்திதான், தனியாக எண்பது.

மங்களூரிலிருந்து உடுப்பி போகும் நெடுஞ்சாலையில் நாற்பது கிலோமீட்டர் வந்தால் காபு. இடது பக்கம் கடற்கரைக்கு வழி திரும்பும். நாலு மணி பத்து நிமிடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கறுப்புக் கல்பாறை ஒன்று கடலுக்குள் முட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் தலையில் கலங்கரை விளக்கம். பாறை மேல் போகவே படி வெட்டியிருக்கிறார்கள். கப்பலுக்கு வழி காட்ட வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது, நூறு வருடம் தாண்டிவிட்டது, இன்றைக்கும் ராத்திரி விளக்கு எரிகிறது. நாங்கள் போன அன்று நாலிலிருந்து ஆறு வரை ஆட்களை விட்டார்கள். டிக்கெட் பத்து ரூபாய்.

பாறைப் படிகளை மட்டும் அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, இரண்டு இடத்தில் நின்று ஏறி வந்தார். அதற்கே மூச்சு வாங்கியது. கதவுக்குப் பக்கத்தில் நிழலான ஒரு கல்லில் உட்கார வைத்தேன். நாகராஜ் வண்டியோடு கீழே இருந்தார்.

"எழுந்திரிச்ச, எனக்குக் கெட்ட கோவம் வரும்" என்றேன்.

"மேல போய்க் கைய ஆட்டு. யாரோ ராணியம்மான்னு நெனச்சுக்கறேன்."

நாலு நாற்பதுக்கு உள்ளே போனேன். நடுத்தூணைச் சுற்றிச் சுற்றிப் படி ஏறுகிறது. உள்சுவர் சுண்ணாம்பு அடித்துச் சுத்தமாக இருக்கிறது. இடையிடையே நின்று மூச்சு வாங்கக் கொஞ்சம் அகலமான இடமும் சின்ன ஜன்னலும் உண்டு. ஏறும்போது தொண்ணூற்றேழு படி எண்ணினேன். இறங்கும்போது வேறு கணக்கு வந்தது, அதனால் எண்ணிக்கைக்கு நான் பொறுப்பில்லை. படி முடிந்ததும் செங்குத்தாக ஒரு இரும்பு ஏணி. பன்னிரண்டு பதின்மூன்று படி இருக்கும். அதன் உச்சியில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்குத் துவாரம். எனக்கு முன்னால் போன காலேஜ் பெண்கள் மூன்று பேர் அணில் மாதிரி ஏறிப் போனார்கள். நானும் ஏறினேன். ஏறுவதில் சிரமம் ஒன்றுமே தெரியவில்லை.

மேலே சுற்றி வர ஒரு வராந்தா, இடுப்பு உயரத்துக்குக் கம்பி. காற்று தள்ளுகிறது. மேற்கே கடல், கிழக்கே கண்ணுக்கு எட்டியமட்டும் தென்னை. பாறையில் அலை மோதுவது தெரிகிறது, சத்தம் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்கிறது. மீன் பிடிக்கிற படகுகள் திரும்பிக்கொண்டிருந்தன. நான் ரவிக்கைத் துணி வெட்டும்போது விழும் துண்டுகள் மாதிரி இருந்தன அவை. கீழே கல்லில் என் வீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டை தெரிந்தது. கையை ஆட்டினேன். அவரும் தடியைத் தூக்கி ஆட்டினார். இருபது நிமிடம் நின்றேன். போன வருடத்து உறுத்தல் போயே போய்விட்டது.

இறங்கப் போனேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன்.

வீட்டு மாடிப்படியில் இறங்குவது போல, முகத்தை வெளிப்பக்கம் வைத்து, துவாரத்தின் விளிம்பில் உட்கார்ந்து காலைக் கீழே விட்டேன். முதல் படி கிடைத்தது. இரண்டாவது காலை வைக்கும்போது சேலைக் கொசுவம் செருப்படியில் மாட்டி இழுத்தது. குனிந்து பார்த்தேன். ஏணிக்குக் கீழே, சுற்றிச் சுற்றிப் போகும் அந்தப் படிக்கட்டு முழுவதும் கிணறு மாதிரித் தெரிந்தது. அவ்வளவுதான். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் எழுந்து நிற்க முடியவில்லை. இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

மணி ஐந்து பத்து. காலேஜ் பெண்கள் முன்பே இறங்கிவிட்டார்கள். மேலே நான் மட்டும். கீழேயிருந்து ஏற வந்த ஒரு குடும்பம் ஏணியடியில் நின்று என் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. கலங்கரை விளக்கத்து ஊழியர் வந்தார். நல்ல மனிதர், வயது நாற்பது இருக்கும். "ஹெதர்பேடி அஜ்ஜி, நிதானக்கே" என்றார். பயப்படாதே, மெதுவாக என்று எந்தப் பாஷையில் சொன்னாலும் காலுக்குக் கேட்க வேண்டுமே. ஏணியில் பாதி ஏறி வந்து கையை நீட்டினார். அந்தக் கையைப் பிடிக்க வேண்டுமென்றால் நான் விளிம்பை விட வேண்டும். விடமாட்டேன் என்றேன். கயிறு கொண்டு வரட்டுமா என்று கேட்டார். அதைக் கேட்டதும் இன்னும் பயந்துவிட்டேன்.

கீழே போன காலேஜ் பெண்கள் கதவருகே நின்று, மேலே ஒரு பாட்டி மாட்டிக்கொண்டு அழுகிறார் என்று பேசியிருக்கிறார்கள். நான் அழவில்லை. ஆனால் கல்லில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் காதில் அப்படித்தான் விழுந்திருக்கிறது.

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை, பிறகு கணக்குப் போட்டால் இருபது நிமிடம். கீழேயிருந்து ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. கைத்தடி ஒரு படியில் ஊன்றும் சத்தம். நிற்கும். மறுபடி. நடுவில் அந்த விசில். இத்தனை வருடமாகப் பக்கத்தில் படுத்துக் கேட்கிற மூச்சு, எனக்குத் தெரியாதா?

"வராத! ஸ்டெல்லா மேல ஆண, ஏறாத!" என்று கத்தினேன்.

பேசினால் மூச்சு போய்விடும் என்று பேசவில்லை. தடிச் சத்தம் மட்டும் சுற்றிச் சுற்றி மேலே வந்தது. ஒவ்வொரு ஜன்னலிலும் நின்று நின்று வந்தார். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அது என்னுடைய ஆசைக்காகத்தான், வேறெதற்காகவும் இல்லை என்று அந்த நிமிடம் நன்றாகத் தெரிந்தது. கர்த்தரே, நான் இங்கேயே உட்கார்ந்துவிடுகிறேன், அவரைத் திருப்பி அனுப்பு என்று கூட வேண்டிக்கொண்டேன்.

ஏணியடிக்கு வந்துவிட்டார். ஒரு நிமிடம் சுவரில் சாய்ந்து நின்றார். பிறகு அவர் முதலில் பேசியது என்னிடம் இல்லை, ஊழியரிடம்.

"ஏணிலேருந்து எறங்குப்பா. ஒரு ஏணில ஒரு ஆளுதான். இவங்கள எல்லாம் ஒரு சுத்து கீழ அனுப்பு."

நல்ல கன்னடத்தில் அதையே இன்னொரு முறை சொன்னார். குரலில் என்ன இருந்ததோ, அந்தக் குடும்பம் அப்படியே இறங்கிப் போனது. ஊழியரும் இறங்கி ஓரமாக நின்றார்.

"இன்னாமே, எதுக்கு வெளிய பாத்துகினு குந்திகினு கீற?"

"எறங்கறதுக்குத்தான்."

"ஏணில எவனாவது முதுவக் காட்டி எறங்குவானா? திரும்பு."

"திரும்ப முடியல."

"முடியும். வலது கைய உடாத. இடது கைய மட்டும் எடுத்து அந்தக் கம்பியப் புடி. புடிச்சியா? எப்பவும் மூணு இடத்துல புடி இருக்கணும். ரெண்டு கை ஒரு காலு. இல்ல ரெண்டு காலு ஒரு கை. நாலாவது மட்டுந்தான் நவுறணும்."

நாலைந்து வார்த்தைக்கு ஒரு முறை மூச்சுக்கு நிறுத்தினார். நிறுத்தும்போது நானும் நிறுத்தினேன். அப்படியே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, வயிறு ஏணிப் பக்கம் வந்துவிட்டது.

"செருப்ப உதறு." உதறினேன். கீழே போய் விழுந்தது. "சீலைய முட்டிக்குத் தூக்கி இடுப்புல சொருவு."

"ஆம்பளைங்க நிக்கறாங்கய்யா!"

"தம்பி, அந்தப் பக்கம் திரும்பிக்கோ" என்றார். ஊழியர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார், பாவம்.

"கீழ பாக்காத."

"கீழ இன்னா கீதுன்னே தெரியாம எப்படி எறங்குறது?"

"கீழ நான் கீறேன்."

அதற்குப் பிறகு அவர் தடியால் ஏணியின் படி ஒன்றைத் தட்டினார். ணங். "சத்தம் எங்க வருதோ அங்க காலு வை." கால் தானாகப் போய்ச் சேர்ந்தது. அடுத்த படியில் ணங். அடுத்த கால். சுரங்கத்து இருட்டில் கண்ணை நம்ப முடியாது, காதுதான் கண் என்று பிறகு சொன்னார். விளக்கு அணைந்துபோனால் கீழே நிற்கிறவன் இப்படித்தான் தட்டிக் கொடுப்பானாம், மேலேயிருந்து வருகிறவன் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு இறங்குவானாம். நான் கண்ணைத் திறந்து வைத்திருந்தேன், ஆனால் ஏணிக்குப் பின்னால் இருந்த வெள்ளைச் சுவரை மட்டும்தான் பார்த்தேன். பன்னிரண்டு தட்டு. கடைசித் தட்டு தரையில்.

திரும்பிப் பார்த்தால் அவர் முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சின்ன ஜன்னலுக்குப் பக்கத்தில், முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு. ஊழியர் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். நான் முதுகைத் தடவிக்கொண்டே உதட்டின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா சொல்லிக் கொடுத்திருக்கிறாள், உதடு நீலமானால் உடனே ஆஸ்பத்திரி. நீலமாகவில்லை. கால் மணி நேரத்தில் விசில் சன்னமாகி நின்றது.

"அஜ்ஜா, இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, மேல ஒரு பார்வை பார்க்கறீங்களா?" என்று ஊழியர் கன்னடத்தில் கேட்டார்.

அவர் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தார். "இங்கேருந்தே தெரியுதே. இது போதும்" என்றார். அப்புறம் சட்டைப் பையைத் தடவி ஒரு பத்து ரூபாயை எடுத்து நீட்டினார். ஊழியர் வேண்டாம் என்றார். "டிக்கெட்டு இல்லாம உள்ள வந்துட்டேன். தப்பு" என்று கையில் திணித்துவிட்டார். சுரங்கத்தில் டோக்கன் எடுக்காமல் ஒருவரும் இறங்கக் கூடாது, உள்ளே எத்தனை பேர் என்ற கணக்கு மேலே இருக்க வேண்டும். அந்தப் பழக்கம்.

நாங்கள் இறங்கிக் கதவுக்கு வெளியே வரும்போது ஆறு மணி இருபது நிமிடம். எங்களுக்காகப் பூட்டாமல் வைத்திருந்தார்கள். சூரியன் கடலில் இறங்கிக்கொண்டிருந்தது, எல்லாரும் அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அதைப் பார்க்கவில்லை. என் பக்கத்தில் என் செருப்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்த மனிதரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தொரு வருடம் இவருக்குச் சோறு கட்டிக் கொடுத்திருக்கிறேன். சுரங்கத்துச் சங்கு ஊதினால் வாசலுக்கு வந்து பார்த்திருக்கிறேன். பெண்களைக் கீழே விடமாட்டார்கள், அதனால் இவர் வேலை செய்து ஒரு நாளும் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். நல்ல வேலைக்காரர்.

உடுப்பியில் அறை எடுத்து உட்கார்ந்தபோது ஏழரை மணிக்கு ஸ்டெல்லா போன் போட்டாள். "டாடி ஏறலையே?" அவர் எதிரே உட்கார்ந்து, சொல்லாதே என்று தலையை ஆட்டினார்.

"ஏறினாரு" என்றேன். "என்ன எறக்கறதுக்கு ஏறினாரு." எல்லாவற்றையும் சொன்னேன், சேலையைச் சொருகியது வரை.

எல்லாம் கேட்டுவிட்டு, "டாடிகிட்ட குடு" என்றாள். அவரிடம் என்ன சாப்பிட்டீர்கள், என்ன பார்த்தீர்கள் என்று நீளமாகப் பேச வைத்தாள். பேச்சுக்கு நடுவில் மூச்சு எங்கே நிற்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியும். கடைசியில் என்னிடம், "நாளைக்கு நேரா வீட்டுக்கு வாங்க" என்று வைத்துவிட்டாள். பார்க்கூர் அதோடு போயிற்று. காலை ஏழுக்குக் கிளம்பி, நானூறு கிலோமீட்டர், நடுவில் இரண்டு முறை நிறுத்தி, சாயங்காலம் ஐந்துக்கு லிங்கராஜபுரம். வழியெல்லாம் டூர் க்ளோஸ் என்று நாகராஜிடம் புலம்பிக்கொண்டே வந்தேன். "அம்மா, அப்போ எனக்கும்தான் க்ளோஸ்" என்றார் அவர்.

திங்கட்கிழமை ஸ்டெல்லா அவரை நெஞ்சு டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனாள். குழாயில் ஊதச் சொன்னார்கள், படம் எடுத்தார்கள். போன வருடம் எப்படியோ அப்படியே இருக்கிறதாம், மோசமாகவில்லை. மெதுவாக, பத்துப் படிக்கு ஒரு முறை உட்கார்ந்து ஏறினால் நல்லதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவருக்குப் பெருமை பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஸ்டெல்லா இடுப்பில் கை வைத்துத் தீர்ப்புச் சொன்னாள்.

"டாடி பத்துப் பத்துப் படியா ஏறலாம். மம்மி, நீ ஏணியக் கண்டா அங்கேயே நின்னுடணும். டாடி கூட இல்லாம நீ எங்கயும் ஏறக் கூடாது."

"நானா? பதினொரு எடம் ஏறினவடி நான்!"

"பன்னெண்டாவதுல யாரு எறக்கினது?" என்றார் இவர், டீயை ஆற்றிக்கொண்டே.

போக நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தை. செட்டிஹள்ளிக்கு ஜனவரியிலிருந்து மே வரை போனால் உள்ளே நடக்கலாம், மழைக்காலத்தில் கரையில் நின்றுதான் பார்க்க வேண்டும். மஞ்சராபாத்துக்கு வெயிலுக்கு முன்னால் போங்கள், மேலே தண்ணீர் கிடைக்காது. கலங்கரை விளக்கம் எதுவானாலும் சாயங்கால நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள், நாலு மணிக்கே நின்றுவிட்டால் கூட்டம் குறைவு. இதயக் கோளாறு, மூச்சுக் கோளாறு, தலைசுற்றல் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏறாதீர்கள். சேலை கட்டுகிறவர்கள் அன்றைக்கு மட்டும் சுடிதார் போட்டுக்கொள்ளுங்கள். நான் ஒன்று தைத்துவிட்டேன், நீலத்தில்.

ஏணி வந்தால், ஏறுவதற்கு முன்னால் எப்படி இறங்கப் போகிறோம் என்று யோசியுங்கள். முகம் ஏணிப் பக்கம் இருக்கட்டும். மூன்று இடத்தில் பிடி இருக்கட்டும். ஒரு ஏணியில் ஒரே ஆள். கீழே ஒருவர் நின்று படியைத் தட்டிக் கொடுத்தால் நல்லது. அந்த ஆளை முன்கூட்டியே கூடவே அழைத்துக்கொண்டு போங்கள், கல்லில் உட்கார வைத்துவிட்டுப் போகாதீர்கள்.